ஒற்றைப் பனையைத் தறித்த கொடியவன்

நான் வாதாடி வென்ற முதல் வழக்கு ஒரு கொடியவனுக்காக. அவன் உயிரோடு இருந்த மனிதன் இல்லை. வாரப் பத்திரிகை ஒன்றில் கிழமைக்கு நான்கு பக்கம் வந்துகொண்டிருந்த தொடர்கதையில் இருந்தவன். ஆனாலும் வென்றது வென்றதுதான். இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து, "உமக்கு வாய் கொஞ்சம் கூட" என்று சொன்னால், அந்த வெற்றியை நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கடற்கரை ஊரான மயிலிட்டியில் இருந்து என்னைக் கொண்டுபோய் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் போடிங்கில், மாணவியர் விடுதியில், விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலில் தொழில் செய்கிறவர்கள். போடிங்கில் பெரிய வகுப்புப் பெண்கள் பதினெட்டுப் பேர் இருந்தோம்; கடற்கரையில் இருந்து வந்தவள் நான் ஒருத்திதான். சனிக்கிழமை பின்னேரம் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்ட பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் கூடுவோம். அங்கேதான் தொடர்கதை வாசிப்பு நடக்கும். எங்களைக் கண்காணிக்கும் மேற்றன் அந்த நேரம் பார்த்துத் தன் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தைப்பார். அவரும் கதை கேட்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது.

பத்திரிகை நல்லூர்க்காரியுடையது. தகப்பனுக்குக் கொழும்பில் உத்தியோகம், தாயும் அங்கேயே. ஆகவே இவள் போடிங்கில் இருந்தாள், பத்திரிகை அவள் பெயருக்குத் தபாலில் வந்தது. தன் பத்திரிகையைத் தானே வாசிப்பாள். மெல்லிய, சுத்தமான குரல். கெட்டிக்காரி, கணக்கில் புலி, அது தனக்குத் தெரியும் என்கிற முகம். எனக்கு அவளைப் பிடிக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை அவளுக்குத் தொண்டை கட்டிய கிழமையில் நான் வாசிக்க எழும்பினேன். எங்கள் பக்கத்தில் காற்றுக்கு எதிரே நின்று கூப்பிட்டால்தான் கடலில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அந்தக் குரல்தான் எனக்கு இருந்தது. இரண்டு வரி வாசித்திருப்பேன். "மெல்ல வாசியடி, காங்கேசன்துறைக்குக் கேக்கப்போகுது" என்றாள் அவள், கட்டிய தொண்டையோடு. மண்டபம் சிரித்தது. நான் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு என் இடத்தில் போய் இருந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னை வாசிக்கக் கேட்கவில்லை. ஒரு அத்தியாயத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை அந்த மண்டபத்தில் நான் வாசிக்க வேண்டும் என்ற வெறி அன்றைக்கு எனக்குள் புகுந்தது.

கதை ஒரு மாயத் தீவைப் பற்றியது. பேசும் மலை, சிறகு முளைத்த குதிரை, ஒற்றைக்கண் சூனியக்காரி எல்லாம் உண்டு. கொடியவன் அந்தத் தீவின் இளைய அரசன். வெயிலில் நின்றால் அவனுக்கு இரண்டு நிழல் விழும். மூத்தவனோடு கப்பலில் போய்த் தனியே திரும்பி வந்து முடியைச் சூடிக்கொண்டவன். அண்ணனைக் கொன்றுபோட்டான் என்று நாடே பேசியது. அவன் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு விட்டானா? கடல் முனையில் நின்ற நெடும் பனை ஒன்றைத் தறிப்பித்தான். பிறகு கோயில் கோபுரத்தின் மேல் இரண்டு தட்டையும் இடிப்பித்தான். ஏன் என்று எழுத்தாளர் மூச்சு விடவில்லை.

எழுத்தாளர் சொல்லாததை நாங்கள் சொன்னோம். தோய்க்கிற கல்லடியில், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டுகிற மேசையில், பிரார்த்தனைக்கு வரிசையில் போகும்போது, எந்த நேரமும் இதுதான் கதை. புத்தூர்க்காரி தோட்டக்காரக் குடும்பம். "பனையைத் தறிச்சால் சனத்துக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. பசியிலை கிடந்தால் காலடியிலை கிடக்குங்கள். அதுதான் அவன்ரை திட்டம்" என்றாள். போதகரின் மகள் ஒருத்தி இருந்தாள்; அவளுக்கு உலகத்தில் எல்லோரும் மனந்திரும்பக் காத்திருக்கிறவர்கள். "அவன் தன்ரை பாவத்துக்குத் தன்னைத்தானே தண்டிக்கிறான். சனம் தன்னைத் திட்டவேணுமெண்டு விரும்பிறான், பாவம்" என்று கண் கலங்குவாள். கோயில் வீதியில் பிறந்து வளர்ந்த நல்லூர்க்காரிக்குக் கோபுரம்தான் பெரிது. தெய்வ சாபம் ஒன்று அவன் தலையில் இருக்கிறது, அந்தக் கோபுரத்தின் நிழல் அவன் மேல் விழுந்தால் செத்துப்போவான், அதற்காகத்தான் இடித்தான் என்பது அவள் தீர்ப்பு. அவரவர் வீட்டில் எது பெரிதோ அதையே அவனுடைய மனதிலும் வைத்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், அப்போது கழுத்தைப் பிடித்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு முதலிலேயே உறுத்தியது அந்தப் பனைதான். முனையில் நூறு பனை நின்றதாக எழுத்தாளரே எழுதியிருந்தார். அவன் தறித்தது ஒன்று.

"பசிக்கவைக்கிறவன் ஒரு பனையையோ தறிப்பான்?" என்று ஒரு நாள் தோய்க்கிற கல்லடியில் கேட்டேன். "கோபுரத்தை வெறுக்கிறவன் மேல் ரெண்டு தட்டோடை விட்டிட்டுப் போவானோ? அவன் ஒரு இடத்தை ஒளிக்கிறானடி. கடலிலை ஒரு இடத்தை."

கடலில் தெருப் பெயர் எழுதிய பலகை கிடையாது. எங்கள் ஆட்கள் கரையைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். முன்னே நிற்கிற ஒரு பனையும் பின்னே தெரிகிற கோபுர நுனியும் ஒன்றின் மேல் ஒன்று நேராக வந்தால் அந்தக் கோட்டில் நிற்கிறோம் என்று அர்த்தம். மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்பதை இப்படித்தான் கண்டு வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரனுக்கும் சொல்லாமல் காப்பார்கள். பனையையும் கோபுர நுனியையும் எடுத்துவிட்டால் கடலில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த இடம் தொலைந்தது. இதை நான் சவர்க்கார நுரையோடு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். புத்தூர்க்காரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லூர்க்காரி உடுப்பைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "பனை ஒரு புள்ளி. கோபுரம் ஒரு புள்ளி. ரெண்டு புள்ளிக்கு ஒரு கோடுதான் வரும். அந்தக் கோடு கடல் முடியுமட்டும் போகும். இடம் எங்கை?"

அவள் சொன்னது சரி. எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான். எங்கள் ஆட்களும் ஒரு கோட்டோடு விடுவதில்லை. பக்கவாட்டில் இன்னொரு நேர் பிடிப்பார்கள், இரண்டும் வெட்டுகிற இடம்தான் இடம். அப்படியானால் இளைய அரசன் இன்னொரு பக்கத்தில் இன்னொரு அடையாளத்தையும் அழித்திருக்க வேண்டும். கதையில் எங்கேயோ அப்படி ஒன்று வந்தது போல ஒரு ஞாபகம், ஆனால் பிடிபடவில்லை. பழைய இதழ்களைக் கேட்டால் நல்லூர்க்காரி, "குசினிக்குக் குடுத்திட்டன்" என்றாள்.

குசினி அலுமாரித் தட்டுகளில் பேப்பர் விரித்து அதன் மேல் கோப்பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சமையல்கார அக்காவிடம் போய், "நான் அலுமாரி துடைச்சுத் தாறன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அதுவரைக்கும் குசினியில் ஒரு கரண்டியைத் தூக்கி வைத்தவள் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட கோப்பைகளை இறக்கி, ஒவ்வொரு தட்டிலும் குனிந்து வாசித்தேன். மூன்றாம் தட்டில், எண்ணெய்க் கறைக்குள், ஒன்பதாம் அத்தியாயம் கிடந்தது. பட்டத்துக்கு வந்த முதல் வருடமே இளைய அரசன் உப்புக் களஞ்சியத்தின் வெள்ளைச் சுவர் முழுக்கக் கரி பூசச் சொன்னானாம். அமைச்சர்கள் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தமக்குள் சிரித்தார்களாம். அந்தக் களஞ்சியத்துக்கு நேர் பின்னால் பேசும் மலை நின்றது. மலையை அவன் என்ன செய்வது? வாயுள்ள மலை வேறு. ஆகவே முன்னால் நின்ற வெள்ளைச் சுவரைக் கடலில் இருந்து தெரியாதபடி கறுப்பாக்கினான். நான் அந்தப் பேப்பரை உரித்து எடுத்துக்கொண்டு குசினியில் இருந்து ஓடினேன். கோப்பைகளை மறந்துவிட்டேன், அதற்கு மேற்றனிடம் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

நல்லூர்க்காரி அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்து, கதையில் வந்தபடி கொப்பித் தாளில் தீவை வரைந்து, தானே இரண்டு கோட்டையும் கீறினாள். இரண்டும் கடலுக்குள்ளே வெட்டின. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"சரி. இடம் இருக்குது" என்றாள். நான் துள்ள ஆயத்தமானேன். "அந்த இடத்திலைதான் அண்ணனைக் கொலை செய்திருக்கிறான். சாட்சியை ஒளிக்கிறான். கொலைகாரன் வேறை என்னத்தை ஒளிப்பான்?"

எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். என் கோட்டை வைத்தே என் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டாள். அவன் கொலைகாரன் இல்லை என்று என் மனது சொன்னது, ஆனால் சொல்வதற்கு என்னிடம் காரணம் இல்லை. 

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஐயாவும் அண்ணையும் தொழிலுக்குப் போக ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா வள்ளத்துக்குக் குடிதண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். ஐயா வலையைத் தோளில் போட்டபடி, "தம்பிக்கும் சேர்த்து நிரப்பு" என்றார். அம்மா இன்னும் ஒரு செம்பு ஊற்றினார். இருவரும் அதைத் தினமும் சொல்கிறவர்களைப் போலச் சாதாரணமாகத்தான் செய்தார்கள்.

ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சுழல்காற்றில் வள்ளம் கவிழ்ந்து போனவர். உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது ஐயா ஒரு கை நல்ல தண்ணீரைக் கடலில் விடுவார் என்று அண்ணை எப்போதோ சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஐயா, அந்த இடத்துக்கு எது அடையாளம்?" என்று கேட்டேன்.

"உதேன் உனக்கு?"

"சும்மா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு நேரையும் சொன்னார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அங்கை நல்ல மீன் படும். வலை போடுவாங்கள், நங்கூரம் போடுவாங்கள். அவனைக் குழப்புவாங்கள்."

நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். சித்தப்பாவுக்காகவும் அழுதேன், ஆனால் அழுகையோடு சேர்ந்து ஒரு குதூகலமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஏனென்றால் மூன்றாம் அத்தியாயம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தரம் இளைய அரசன் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு தனியே படகில் போய் வெறுங்குடத்தோடு திரும்புவான். சூனியம் செய்கிறான் என்று பதினெட்டுப் பேரும் முடிவு கட்டியிருந்தோம். உப்புக் கடலில் கிடக்கிறவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அவன் தண்ணீர் கொண்டுபோகிறான். கொலை செய்தவன் செத்தவனுடைய தாகத்தை நினைக்க மாட்டான்.

போடிங்குக்குத் திரும்பிய கையோடு சாப்பாட்டு மண்டபத்தில் நாங்கள் இருக்கிற வாங்கின் மேல் ஏறி நின்று சொன்னேன்: அவன் அண்ணனைக் கொல்லவில்லை. அண்ணன் கடலில் போனான். அவன் கிடக்கிற இடத்தை ஒருவரும் குழப்பக்கூடாது என்று தம்பி காக்கிறான். அண்ணனுக்காகக் கெட்ட பெயரையும் சுமக்கிறான். அந்த இரண்டாம் நிழல் அண்ணனுடையது.

"உனக்கு என்னண்டு தெரியும்?" என்றாள் நல்லூர்க்காரி.

"எங்கடை ஆக்கள் அப்பிடித்தான்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. ஐயா சொன்ன அடையாளங்களை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

கதை இன்னும் ஐந்து கிழமையில் முடியும் என்று பத்திரிகை அறிவித்திருந்தது. நல்லூர்க்காரி எல்லோர் முன்னாலும் பந்தயம் வைத்தாள். "நீ சொன்னது சரியெண்டால் கடைசி அத்தியாயம் நீ வாசி. பிழையெண்டால் அடுத்த வருசம் முழுக்கச் சனிக்கிழமை வாசிப்பிலை நீ வாய் திறக்கக்கூடாது." நான் ஓமென்றேன். வாய் திறக்காமல் ஒரு வருடம் என்பது எனக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் மூன்று கிழமை சிறகு முளைத்த குதிரையோடு போய்விட்டது. இளைய அரசன் பக்கமே எழுத்தாளர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் கிழமை முடிவில் அரண்மனைக் கிணற்றில் இருந்து ஒரு வாள் எடுபட்டது. அதில் காய்ந்த இரத்தமும் மூத்த அரசனின் தலைமயிர் ஒன்றும் ஒட்டியிருந்தன. அந்த வரியை நல்லூர்க்காரி வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கிணற்றுத் தண்ணீரில் கிடந்த வாளில் இரத்தம் எப்படிக் காயும் என்று நான் கத்தினேன். "எழுத்தாளரைக் கேள்" என்றாள். அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. போதகரின் மகள் எனக்காகப் பிரார்த்தித்தாள்; புத்தூர்க்காரி வீட்டில் இருந்து கொண்டுவந்த எள்ளுருண்டையில் இரண்டை என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருட மௌனத்துக்கு அனுதாபம் முன்கூட்டியே வந்து சேர்ந்தது.

கடைசிக்கு முந்திய அத்தியாயம் வந்த சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். வாள் சூனியக்காரி செய்த சதி என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துபோயிற்று. பிறகு பேசும் மலை வாய் திறந்தது. மூத்தவன் தீவை எதிரிக்கு எழுதிக் கொடுத்த ஓலையோடு கப்பல் ஏறினான். தம்பி கெஞ்சித் தடுத்தான். புயல் வந்தது, கப்பல் உடைந்தது, அண்ணன் கை தம்பியின் கையில் இருந்து வழுக்கிப் போனது. அந்தக் கப்பலை யாராவது கண்டால் ஓலையையும் காண்பார்கள். அண்ணன் துரோகி என்று நாடு காறித் துப்பும். அதனால் பனையைத் தறித்தான், கோபுரத்தை இடித்தான், சுவரில் கரி பூசினான், கொலைகாரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டான். இத்தனையையும் நல்லூர்க்காரி தன் வாயாலேயே வாசிக்க வேண்டியிருந்தது. "பனை", "கோபுரம்", "கரி" என்று ஒவ்வொன்றும் வர வர மண்டபத்தில் பெண்கள் மேசையில் தட்டினார்கள். அவளுடைய காது மடல் சிவந்துகொண்டு வந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இடம் சரி. கொல்லேல்லை, அதுவும் சரி. ஆனால் துரோகத்தை நீ சொல்லேல்லை."

"சொல்லேல்லைத்தான்" என்றேன். அதுவும் உண்மை. என் வீட்டில் ஒளிப்பதற்குத் துரோகம் எதுவும் இருக்கவில்லை. அது எனக்கு எப்படித் தோன்றும்?

புத்தூர்க்காரி எழும்பினாள். "எடியே, வீட்டைக் கண்டுபிடிச்சுத் தந்தவளிட்டை அடுப்பு எந்தப் பக்கமெண்டு கேக்கிறியோ?"

மண்டபம் இடிந்து விழுகிற சத்தம். மேற்றன் தையலோடு வாசலுக்கு வந்துவிட்டார். அமைதியாக இருக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தோம். "அவளே வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்லூர்க்காரி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாரி மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. சாப்பாட்டு மண்டபத்துக்குத் தகரக் கூரை. பக்கத்தில் இருக்கிறவள் சொல்வதே கேட்காது. ஓரம் நனைந்திருந்த பத்திரிகையை நல்லூர்க்காரி என் கையில் தந்துவிட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளும் வந்து நிறைந்துவிட்டதால் இடமில்லாமல் குசினி வாசலடியில் கடைசி வாங்கில் போய் இருந்தாள். நான் மண்டபத்தின் முன்னால் எழும்பி நின்றேன்.  வாயைத் திறந்தால் குரல் என்னை அறியாமல் தணிந்து வந்தது. பழைய சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. முன் வரிசையில் இருந்தவர்களே கையைக் காதில் வைத்தார்கள்.

கதையில் இளைய அரசன் குடத்தோடு படகில் ஏறிவிட்டான். அடையாளம் ஒன்றும் இல்லாத கடலில் அவனுக்கு மட்டும் இடம் தெரியும். அங்கே போய்த் துடுப்பை வைத்துவிட்டு, "அண்ணா, தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்கிறான். அந்த வரி எனக்கே கேட்கவில்லை. மழை மட்டும் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது கடைசி வாங்கில் இருந்து நல்லூர்க்காரி எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயடியில் குவித்துக் கத்தினாள்.

"பெலத்து வாசியடி! இஞ்சை கேக்கேல்லை!"

நான் மூச்சை இழுத்தேன். எங்கள் கரையில் நின்று கடலில் நிற்கிற ஐயாவைக் கூப்பிடுகிற குரலை எடுத்தேன். "அண்ணா, தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன்" என்ற வரியைத் திரும்ப வாசித்தேன். மழை அடங்கவில்லை, ஆனால் சமையல்கார அக்கா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மேற்றன் கதவை முழுக்கத் திறந்தார். இளைய அரசன் குடத்தைச் சரித்தான், இரண்டாம் நிழல் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது, அவன் ஒற்றை நிழலோடு கரைக்குத் திரும்பினான். நான் கடைசி வரியின் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வாங்கில் நல்லூர்க்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டது என்று தலையை ஆட்டினாள்.